மரத்தின் காயத்துக்கு என்ன நிறம்?

என் எழுதுமேசைப் பலகையில் இரண்டு இடங்களில் எபாக்ஸி அடைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். பலகை பர்மா தேக்கு. இடித்த வீடொன்றில் உத்தரமாக இருந்ததை வாங்கி அறுத்து இழைத்தது. ஓரத்தில் ஒரு முடிச்சு, அதைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சற்றுத் தள்ளி, பழைய ஆணியைப் பிடுங்கியபோது பெயர்ந்துபோன கட்டைவிரல் அகலப் பள்ளம். முடிச்சின் வெடிப்பில் ஏறக்குறையக் கறுப்பான கலவையைக் கால்மணி நேரத்தில் ஊற்றி முடித்தேன். பள்ளத்துக்கோ அரைநாள் ஆயிற்று. மஞ்சள் பொடி, சிவப்புப் பொடி, துளி கறுப்பு, அதே பலகையின் மரத்தூள் என்று மாற்றி மாற்றிக் கலந்து, தேக்கின் நிறத்தையே பிடித்துவிட்டதாக நினைத்து அடைத்தேன்.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மேசையருகே உட்காருபவர்களின் விரல் தானாகப் போய்த் தடவுவது, நான் பாடுபட்டு நிறம் சேர்த்த அந்தப் பள்ளத்தைத்தான். “இங்க என்ன ஆச்சு?” என்று கேட்காதவர்கள் குறைவு. முடிச்சைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இது என் கைத்திறனின் குறை மட்டும் என்றால் எழுத வேண்டியதில்லை. மரத்தின் குறையை எபாக்ஸியால் அடைத்து, மரத்தின் நிறத்துக்கே அதைக் கொண்டுவருவது இன்று தச்சுப் பட்டறைகளிலும் பாலிஷ் வேலையிலும் பரவலாகிவிட்ட பழக்கம். அதன் பலம் உண்மையானது. குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நிறத்தை மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது என்ற கேள்வியைக் கேட்காமலே நாம் நிறம் கலக்கிறோம். பழக்கத்தின் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் முடிவு.

முதலில் எபாக்ஸிக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது வருமுன் நம் ஆசாரிமார்களிடம் இருந்த வழிகள் சில. வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி மரத்தூளோடு பிசைந்து அடைப்பது ஒன்று. சாக்கட்டிப் பொடியையும் காவியையும் வார்னிஷில் குழைத்து லப்பமாகப் பூசுவது இன்னொன்று. சின்னத் துளைகளுக்கு உருக்கிய அரக்கு அல்லது தேன்மெழுகு. பெரிய சேதம் என்றால் சேதமான பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, வரி பார்த்து, அதே சாதி மரத்தில் ஒரு துண்டு செதுக்கி ஒட்டுவது. பின்னாளில் வஜ்ஜிரத்தின் இடத்துக்கு ஃபெவிகால் வந்தது. ஃபெவிகாலில் மரத்தூளைப் பிசைந்து அடைப்பது எல்லாப் பட்டறைக்கும் பொதுவான கைவேலை ஆயிற்று.

அந்தக் கைவேலையின் குறை எல்லோருக்கும் தெரியும். வெள்ளைப் பசையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். தண்ணீர் வற்ற வற்ற அடைப்பு உள்வாங்கும். இரண்டு மூன்று முறை அடைத்தாலும் விளிம்பில் குழி விழும். காய்ந்த பசை பாலிஷை உறிஞ்சாது. சுற்றியுள்ள மரம் எண்ணெய் குடித்து ஆழ்ந்த நிறம் கொள்ள, அடைத்த இடம் மட்டும் தேமல்போல் வெளுத்து நிற்கும்.

இவற்றில் உள்வாங்கும் குறையை எபாக்ஸி தீர்த்தது. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் 1930களில் பல் மருத்துவப் பொருள் தேடிய ஆய்வில் கண்ட பிசின் வகை இது; 1946இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இதில் வற்றிப் போக நீரோ கரைப்பானோ இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வலைபோலப் பின்னிக்கொண்டு இறுகும். ஊற்றிய அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும். வெடிப்பின் இரு சுவர்களையும் கவ்விப் பிடிக்கும். தண்ணீருக்கு அசையாது. இறுகிய பின் அறுக்கலாம், துளையிடலாம், திருகாணி ஏற்றலாம். உளுத்து ஊசலாடும் முடிச்சை அப்படியே உறையவைத்துப் பலகையைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி இல்லை. வெட்டியெறிய வேண்டிய பலகை மேசையாகிறது என்றால், அதில் ஒரு மரம் மிச்சமாகிறது. பழைய தேக்கு கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

நிறத்தைப் பொறுத்தும் எபாக்ஸிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இறுகிய எபாக்ஸி சாயத்தைக் குடிக்காது. மேலே பூசும் எந்த நிறமும் அதில் ஊறாது. ஆகவே நிறத்தைக் கலவையிலேயே சேர்த்தாக வேண்டும். இது கட்டுப்பாடுதான், ஆனால் வசதியும்கூட. நிறம் மேற்பூச்சாக இல்லாமல் உடம்பு முழுக்க இருப்பதால், தேய்த்தாலும் இழைத்தாலும் மாறாது. நிறப்பொடியைத் தேடி அலையவும் வேண்டாம். சிவப்புத் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு பொடியும், அதன் உடன்பிறப்புகளான மஞ்சள், கறுப்பு ஆக்சைடுகளும் பெயிண்ட் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். மூன்றும் இரும்பின் ஆக்சைடுகள், வெயிலில் வெளுக்காதவை. இந்த மூன்றையும் வைத்து நம் ஊர் மரங்களில் பெரும்பாலானவற்றின் நிறத்தை எட்டிவிடலாம்.

கலக்கும் முறையில் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, காய்ந்த மரத்தின் நிறத்தைப் பார்த்துக் கலக்கக் கூடாது. பாலிஷ் ஏறிய மரம்தான் இறுதி நிறம். பலகையின் ஓரத்தில் ஸ்பிரிட் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்தால், அது காய்வதற்குள் சில நொடிகள் மரம் தன் பாலிஷ் நிறத்தைக் காட்டிவிடும். அதைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவது, மரத்தூளை மட்டும் நம்பக் கூடாது. அதே மரத்தின் தூள் என்றால் அதே நிறம் வரும் என்று தோன்றும்; வராது. தூளின் ஒவ்வொரு துகளும் ரெசினில் நனைந்து கறுத்துவிடும். தேக்குத் தூளும் எபாக்ஸியும் சேர்ந்தால் தேக்கைவிட இரண்டு படி கறுத்த பழுப்புதான் கிடைக்கும். ரம்பத்தூள் என்றால் துகள் துகளாகத் தெரியும். உப்புத்தாள் தேய்த்த மாவுதான் ஓரளவு ஒத்துப்போகும். மூன்றாவது, நிறப்பொடி எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல கைக்கணக்கு. தண்ணீர் கலந்த சாயமோ, அளவு மீறிய திரவ நிறமோ சேர்த்தால் கலவை இறுகாமல் ரப்பர்போல் நின்றுவிடும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பதும் இதே தவறுதான். இரண்டும் சொன்ன விகிதத்தில் இருந்தால்தான் பின்னல் முழுமையாகும். நான்காவது, வெடிப்பின் ஓரங்களுக்கு முன்கூட்டியே ஒரு கை அரக்கு பாலிஷ் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நிறமேறிய ரெசின் பக்கத்து நுண்துளைகளில் கசிந்து, வெடிப்பைச் சுற்றி மை பரவினாற்போல் கறை படியும். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால், அதற்கும் முன்னால் அடைக்கும் இடத்தை அசிட்டோனால் துடைத்தெடுப்பது பிடிப்புக்கு உறுதி.

இவ்வளவும் நான் செய்தேன். பள்ளத்தை அடைத்த அன்று இரவு ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒட்டு எது, மரம் எது என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலை மேசையைத் தாழ்வாரத்துக்கு இழுத்தேன். பள்ளம் சாம்பல் பூத்த மண்நிறத்தில் தனியே நின்றது. ஒரு விளக்கொளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு ஒளியில் பிரிந்துவிடுவதை ஒளியியலில் மெட்டாமெரிசம் என்பார்கள். மரத்தின் பழுப்பும் ஆக்சைடின் பழுப்பும் வெவ்வேறு வழிகளில் பழுப்பானவை. ஒரு விளக்கு அந்த வேறுபாட்டை மறைக்கும்; பகல் காட்டிக்கொடுக்கும். எந்த அறையில் எந்த வெளிச்சத்தில் மேசை வாழப்போகிறதோ அந்த வெளிச்சத்தில் கலந்திருந்தால் இது ஓரளவு சரியாகியிருக்கும். ஆனால் அதற்கு மேலும் மூன்று தடைகள் உண்டு. அவை கலப்பவரின் கவனத்துக்குக் கட்டுப்படாதவை.

முதல் தடை காலம். இழைத்த தேக்கின் புது முகம் வெளிறிய, சற்றே பச்சையோடிய மஞ்சள். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில மாதங்களில் அது பொன்பழுப்புக்குத் திரும்பும். பழைய உத்தரமாக இருந்தாலும் இழைப்புளி ஓடியவுடன் உள்ளிருக்கும் இளநிறம் வெளிவந்து, மீண்டும் முதலிலிருந்து முதிரத் தொடங்கும். படாக் மரம் செக்கச்சிவந்த ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பாக ஆழும். வால்நட் எதிர்த் திசையில் போகும். வயதாக ஆக வெளிறும். மரத்தின் நிறம் ஓடிக்கொண்டே இருக்கும் நிறம். ஆக்சைடு நின்ற இடத்தில் நிற்கும். எபாக்ஸி ரெசினோ, சூரியனின் புறஊதா பட்டால் தன் போக்கில் மஞ்சளாகும். மூன்றும் மூன்று வேகத்தில் போக, இன்று பொருந்திய நிறம் அடுத்த ஆண்டு பொருந்தாது. இன்றைய மரத்துக்கு நிறம் சேர்ப்பது, ஓடும் பேருந்தைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டே ஏற முயல்வதற்குச் சமம். அனுபவமுள்ள பாலிஷ்காரர்கள் இழைத்த பலகையைச் சில வாரம் வெளிச்சம் காட்டி வைத்துவிட்டுப் பிறகு நிறம் சேர்ப்பார்கள். அது இடைவெளியைக் குறைக்கும், மூடாது.

இரண்டாவது தடை வரி. மரத்தின் நிறம் என்று நாம் சொல்வது ஒரு நிறமல்ல. தேக்கின் ஓர் அங்குலத்தில் வைக்கோல் மஞ்சளும், தேனும், காப்பிக்கொட்டையின் பழுப்பும் அடுத்தடுத்த கோடுகளாக ஓடும். அதோடு, மரநார் ஒளியை ஒரு திசையில் திருப்பும். தலையைச் சாய்த்தால் வெளிர் கோடு இருளும், இருண்ட கோடு மின்னும். பட்டுப்புடவையின் மடிப்பில் நடப்பதுதான் இது. எபாக்ஸி எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே முகம். கட்டைவிரல் அகலத்துக்குச் சராசரி நிறம் ஒன்றை நிரப்பினால், பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவே ஊமையை உட்காரவைத்ததுபோல அது தனித்துத் தெரியும். சிலர் வெளிர் நிறத்தை அடியில் நிரப்பி, இறுகியதும் கூரிய உளிமுனையால் கோடு கீறி, கறுத்த கலவையை அதில் தேய்த்து வரியை வரைகிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் கண் ஏமாறும். ஆனால் அந்த நேரத்தில் வரி பொருந்தும் மரத்துண்டொன்றைத் தேடி ஒட்டியிருக்கலாம் என்பதே என் எண்ணம். துண்டு மரமென்பதால் பலகையோடு சேர்ந்து அதுவும் முதிரும்.

மூன்றாவது தடை அசைவு. மரம் அறுத்த பின்னும் ஈரத்தை வாங்கிவிட்டுக்கொண்டே இருக்கும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை தேக்கு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், ஆரத்தின் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். பெரும்பாலான மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். தேக்கின் பெருமையில் ஒரு பங்கு இதனால் வந்தது. அப்படியும் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் இடையே ஒரு முழ அகலக் கதவுப்பலகை மில்லிமீட்டர் கணக்கில் விரிந்து சுருங்குவதைத் தடுக்க முடியாது. உள்ளே அடைத்த எபாக்ஸி அசையாது. பலகை விரியும்போது அதன் நெருக்கலில் பக்கத்து நார் நசுங்கும்; சுருங்கும்போது அடைப்பின் விளிம்பில் தலைமுடி அளவுக்குப் புதிய வெடிப்பு விழும். நிறம் எவ்வளவு பொருந்தியிருந்தாலும் அந்த ஒற்றைக் கோடு ஒட்டின் எல்லையை வரைந்து காட்டிவிடும். வெயில் நேரே அடிக்கும் தெருக்கதவில் இன்னொரு தொல்லை: அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பலவும் 50, 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கறுத்த நிறக் கதவின் முகம் கோடையில் அந்தச் சூட்டை எட்டக்கூடியது.

இந்த மூன்றும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். மரத்தின் மேனி நிறத்தை எபாக்ஸியில் பிடிக்க முயல்வது, மாறும் பொருளை மாறாத பொருளால் நடிக்கவைப்பது. அந்த நடிப்பு முதல் நாள் சிறப்பாக இருக்கும். நாள் செல்லச் செல்லக் குலையும்.

அப்படியானால் முடிச்சில் ஊற்றிய கறுப்பு ஏன் எட்டு ஆண்டாக நிற்கிறது? மரத்தில் ஏற்கெனவே இருளாக இருக்கும் இடங்கள் உண்டு. முடிச்சின் விளிம்பு, பட்டை உள்வாங்கிய மடிப்பு, வெயில் வெடிப்பின் உட்புறம், பழைய இரும்பாணி தேக்கில் விட்ட நீலக்கறுப்புக் கறை. கண் இவற்றை மரத்தின் வரலாறாகவே வாசித்துப் பழகியிருக்கிறது. அந்த இருளின் நிறத்தில் அடைத்தால், வரியோ மினுக்கோ இல்லாததைக் கண் குறையாக எடுப்பதில்லை. இருளுக்குள் வரியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சுற்றியுள்ள மரம் முதிர்ந்தாலும் கறுப்புக்கும் பழுப்புக்கும் உள்ள உறவு பெரிதாக மாறாது. விளிம்பில் முடி வெடிப்பு விழுந்தாலும் அது இருளோடு இருளாகப் போகும். எபாக்ஸியின் எல்லாப் பலங்களும் இங்கே வேலை செய்கின்றன. அதன் பலவீனங்களுக்கு வேலை கிடைப்பதில்லை. முழுக் கறுப்புகூட வேண்டாம். கறுப்பில் சிவப்பு ஆக்சைடு ஒரு சிட்டிகை சேர்த்தால் முடிச்சின் வெந்த பழுப்பு வந்துவிடும். நிறத்தை மரத்தின் தோலிலிருந்து எடுக்காமல் அதன் தழும்பிலிருந்து எடுப்பது என்று இதைச் சொல்வேன்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. பூஜையறைக் கதவின் நடுப்பலகையில், கண்ணெதிரே, முடிச்சே இல்லாத சுத்தமான வைரத்தில் உளி தவறிப் பெயர்ந்த சில்லுக்குக் கறுப்பு அடைத்தால் மச்சம் வைத்ததுபோல் இருக்குமே என்பார்கள். உண்மை. அங்கே சரியான மருந்து மரத்துண்டுதான். அதற்கும் இடமில்லாத குண்டூசித் தலையளவு பழுது என்றால் மேனி நிறத்தில் அடைப்பதில் தவறில்லை. அந்த அளவில் வரியும் மினுக்கும் கேள்விக்கே வருவதில்லை. அப்போதும் ஒரு படி கறுத்த பக்கமே சாய வேண்டும். வெளிறிய ஒட்டு எட்டத்திலிருந்தே தெரியும். கறுத்த ஒட்டை மரத்தின் வரியாகக் கண் மன்னித்துவிடும்.

நிறத்தைத் தாண்டியும் எடைபோட வேண்டியவை உண்டு. எபாக்ஸி திரும்ப வராத வழி. வஜ்ஜிரத்தை வெந்நீராலும் அரக்கை ஸ்பிரிட்டாலும் மெழுகைச் சூட்டாலும் எடுத்துவிடலாம். எபாக்ஸியை எடுக்க வேண்டுமானால் மரத்தோடு சேர்த்துத்தான் குடைய வேண்டும். பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் அதனால்தான் மரத்துக்கும் எபாக்ஸிக்கும் நடுவே, அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 போன்ற பிசின் ஒன்றைத் தடுப்புப் படலமாகப் பூசிவைக்கிறார்கள். மறைப்பதா காட்டுவதா என்ற கேள்வியையும் அவர்கள் நமக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். 1964இன் வெனிஸ் சாசனம் தன் 12ஆம் பிரிவில், இழந்த பகுதிக்கு மாற்றாக வைப்பது முழுமையோடு இசையவும் வேண்டும், மூலத்திலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. ரோமில் செசாரே பிராண்டி வளர்த்தெடுத்த முறையில், சிதைந்த ஓவியத்தின் வெற்றிடங்களை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். எட்ட நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்ட வந்தால் கோடுகள் உண்மையைச் சொல்லிவிடும். நம் வீட்டு மேசைக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. ஆனால் செட்டிநாட்டு நிலைக்கதவுக்கும் கோயில் தேர்ச் சிற்பத்துக்கும் தேவை. அவற்றில் மேனி நிற எபாக்ஸியை இழைத்து மறைப்பது, நாளை வருபவர் எது பழையது எது நம் கைவேலை என்று அறியும் உரிமையைப் பறிப்பது.

மறைக்காமலே அழகாக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கால் பதித்தவர் ஒருவர் இருக்கிறார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் இருந்து வேலை செய்தவர். பின்னாளில் பென்சில்வேனியாவில் அவர் செய்த மேசைகளின் அடையாளமே, பலகையின் வெடிப்பை அப்படியே விட்டுவிட்டு, அது மேலும் பிளக்காதபடி குறுக்கே பதித்த வண்ணத்துப்பூச்சி வடிவ மரக்கட்டைகள்தான். வெடிப்பு வெடிப்பாகவே இருக்கிறது. கட்டை கட்டையாகவே இருக்கிறது. இரண்டும் பார்ப்பவரிடம் எதையும் ஒளிப்பதில்லை.

ஒளிப்பதைச் சொல்லும்போது சந்தையைச் சொல்லாமல் விட முடியாது. பழைய மரம் விற்கும் இடங்களில், உளுத்த பகுதியைக் குடைந்து எபாக்ஸி அடைத்து, நிறம் சேர்த்து, முழு வைரம் என்று விலை சொல்வதை நானே கண்டிருக்கிறேன். ஒருமுறை வாங்கியும் ஏமாந்திருக்கிறேன். கீல் திருகாணி ஏற்றும்போது வந்த சுருளில் மரநாரே இல்லை. வாங்குபவர் பாலிஷ் போடாத பின்பக்கத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்துப் பார்க்கலாம்: மரம் கறுக்கும், அடைப்பு கறுக்காது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கை இருட்டில் பிடித்தால், பல நேரங்களில் எபாக்ஸி நீலம் பூத்து ஒளிரும். பழுது பார்த்த மரத்தை, பழுது பார்த்த மரம் என்று சொல்லி விற்பதில் எந்த இழுக்கும் இல்லை. நிறம் பொருந்தப் பொருந்த அந்தச் சொல் விடுபட்டுப்போவதுதான் இழுக்கு.

வேலை செய்பவரின் உடம்பும் கணக்கில் வர வேண்டும். இறுகாத ஹார்டனர் தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை பிடிக்கும். பிடித்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. அரைகுறையாக இறுகியதை உப்புத்தாளால் தேய்க்கும் தூசி மூச்சுக்குள் போகக் கூடாது. நிறம் சரியாக வரவில்லை என்று மறுபடி மறுபடி கலந்து, தேய்த்து, அடைக்கும் வேலையில் இந்த ஆபத்தும் மடங்கு மடங்காகக் கூடுகிறது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் இதைச் செய்யும் பாலிஷ் தொழிலாளர்களின் விரல் இடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால் என் தீர்ப்பு இது. நிரப்பும் பொருளாக எபாக்ஸிக்கு நிகரில்லை; வேடமிடும் பொருளாக அது தோற்கிறது. முடிச்சு, வெடிப்பு, ஆணித்துளை என்று மரத்திலேயே இருள் இருக்கும் இடத்தில் அந்த இருளின் நிறத்தில் தயங்காமல் ஊற்றலாம். குண்டூசித் தலையளவுப் பழுதுக்கு மேனி நிறம் போதும், சற்றுக் கறுத்த பக்கமாக. அதைவிடப் பெரிய, வெளிப்படையான இழப்புக்கு மரத்துக்கு மரம்தான். பழம்பொருளில் கைவைக்கும் முன், திரும்ப எடுக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மேசையின் பள்ளத்தைச் சரிசெய்துவிடலாமே என்று நண்பரான ஆசாரி ஒருவர் உளியோடு வந்தார். ஒட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். “அண்ணே, இதைத் தோண்டணும்னா சுத்தி அரை விரக்கடை நல்ல மரம் போகும். தேவையா?” என்றார். யோசித்துவிட்டு வேண்டாமென்றேன். இழைப்புளியும் உப்புத்தாளுமாகப் பழக வரும் பிள்ளைகளை இப்போது அந்த மேசையருகேதான் உட்காரவைக்கிறேன். ஒரு கையை முடிச்சின் மேலும் மறுகையைப் பள்ளத்தின் மேலும் வைக்கச் சொல்கிறேன். எது அடைத்தது என்று கேட்டால், இதுவரை எல்லோரும் பள்ளத்தை மட்டுமே காட்டியிருக்கிறார்கள்.